மாப்பிள்ளை முன்னால் நீட்டிய கால்

குதிகால் வலிக்கு யாரும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வரமாட்டார்கள். நெஞ்சுவலி என்றால் தெருவே திரண்டு வரும். குதிகால் என்றால், "செருப்பை மாத்திப் பாரு" என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குதிகால்தான் என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே நான் பட்ட வலி கொஞ்சம். பட்ட வெட்கம்தான் அதிகம்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் எனக்கு வேலை. மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் காயைத் தரையில் கொட்டி, பருமன், சின்னது, பச்சை, வெளுப்பு, வெடித்தது என்று பிரிப்போம். தின்கிற பொருள் என்பதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சிமெண்டுத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரை எழுந்திருக்க மாட்டோம். அப்படி எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் இடது குதிகாலில் ஆணி ஏறியதுபோல வலித்தது. நாலு எட்டு நடந்தால் குறைந்துவிடும். மறுபடி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே ஆணி. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு நார்ப்பட்டை ஓடுகிறதாம். நாள் முழுக்க வெறுங்காலோடு புழங்கினால் அது புண்பட்டுவிடும். ஓய்வில் சுருங்கிக் கிடந்து, முதல் அடியில் சுருக்கென்று இழுபடும். மாத்திரை எழுதினார். மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார். அடுப்படியில் செருப்போடு நிற்பதா என்று எனக்குக் காலே கூசியது. செருப்பை வாங்கினேன், அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்தேன்.

அப்போது என் மகள் மகேசுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். வைகாசியில் முகூர்த்தம். நொண்டிக்கொண்டு போய்ப் பந்தலில் நிற்க முடியாது. கிட்டங்கியில் கூட வேலை பார்க்கும் ஒருத்திதான் அக்குபஞ்சர் செய்யும் கோகிலாவைச் சொன்னாள். மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை, நடுவில் துணித்திரை கட்டி இரண்டு படுக்கை. கோகிலாவுக்கு முப்பது வயதிருக்கும். "டாக்டரம்மா" என்றேன்.

"நான் டாக்டர் இல்லைக்கா. ஊசி வைத்தியம் படிச்சிருக்கேன். டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க, அதோட சேத்துத்தான் இது" என்றாள். அதன் பிறகு கேட்டாள், "சுகர் இருக்காக்கா?"

திரைக்கு அந்தப் பக்கம் இடுப்புவலிக்குப் படுத்திருந்த அம்மாள் மாப்பிள்ளை வீட்டுத் தெருக்காரி. உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முகாமில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்கு வரன் வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். பெண் பார்க்க வருகிற வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும், மகளுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்று வம்சாவளியே எழுதிவிடுவார்கள். கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்ததும், மறுவீடு முடியட்டும் என்றிருந்தேன்.

கோகிலா ஊசியைக் குதிகாலில் குத்தவில்லை. கெண்டைக்காலிலும் கணுக்காலுக்கு உள்பக்கத்திலும் முடி போன்ற ஊசிகளை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் படுக்கவிட்டாள். கெண்டைக்காலில் கனமாக, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அதோடு சுவரில் கையூன்றிக் கெண்டைக்கால் சதையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சி, பாதத்துக்கடியில் பந்தை உருட்டுவது, உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். வலி குறைந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. கல்யாணத்தன்று வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றது அந்த ஊசியின் புண்ணியத்தில்தான்.

ஒருநாள் கணுக்காலுக்குக் கீழே ஊசி வைத்தபோது, "தெரியுதாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமே வலிக்கலம்மா, ஒன் கை அப்படி" என்று நான் பாராட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்துவிட்டு விரலால் பாதத்தை அங்கங்கே தடவிப் பார்த்தாள். "ஒருக்கா ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. அதைப் பாக்காம இனி ஊசி வேண்டாம்" என்றாள். ஆடி முடிந்ததும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள்மேல் கோபம்கூட வந்தது.

ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து வைக்க வேண்டும். முதல் ஆடி. சம்பந்தியம்மாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் மலைக்கு மேலே எஸ்டேட்டில் சூப்பர்வைசர். காய் எடுக்கிற நேரம், மழை வேறு. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து ஜீப்பு எதுவும் இறங்கவில்லை. தனியாளாக நின்று சமைத்து, பரிமாறி, வெற்றிலை பாக்கு வைக்கிற வரை நான் நடந்தாக வேண்டும். ஊசியும் இல்லை, வலியோ திரும்பி வந்துகொண்டிருந்தது. விருந்துக்கு முதல் நாள் சாயங்காலம், எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலால் மிதிப்பது. சூடு தாங்காமல் காலை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். எனக்கு எடுக்கவே தேவைப்படவில்லை. சூடு போதவில்லை என்று கல்லை மறுபடியும் அடுப்பில் வைத்தேன். பிறகு முழு பாரத்தையும் போட்டு நின்றேன். இதமாகக்கூட இருந்தது.

மறுநாள் விருந்து நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் இலையில் உட்கார்ந்திருக்க, நான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பாயசம் ஊற்றக் குனிந்தபோது மாப்பிள்ளை இலையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் அடுப்படி வாசலிலிருந்து அவர் இலை வரைக்கும் ஈரமாக, இளஞ்சிவப்பாக, குதிகால் குதிகாலாகத் தடம் விழுந்திருந்தது. சாப்பிடுகிறவர்கள் நடுவில் என் காலிலிருந்து வடிந்ததை நானே மிதித்துப் பரப்பியிருக்கிறேன். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. "பாயசம் சிந்திருச்சு" என்றேன். மாப்பிள்ளை பாயசத்தைக் குடித்து முடித்தார். சம்பந்தியம்மா வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் மகளைக் கூப்பிட்டார். "மகேசு, அத்தை காலைப் பாரு."

அப்போதும் நான் ஆஸ்பத்திரி வேண்டாம், கோகிலாவிடம் போகலாம் என்று அடம்பிடித்தேன். கோகிலா கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்த குதிகாலைப் பார்த்து, நான் செங்கல்லில் நின்றதையும் கேட்டதும், எங்களை உடனே அனுப்பக் கதவை முழுவதுமாகத் திறந்து வைத்தாள்.

"இதுல நான் கை வைக்க மாட்டேன். வெரசாத் தேனிக்குக் கூட்டிட்டுப் போங்க. சூடு தெரியலைங்கிறதை டாக்டர்ட்ட மொதல்ல சொல்லுங்க" என்றாள் மாப்பிள்ளையிடம். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள், எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு விரலில் குத்தினாள். "எத்தனை வருசமா சுகர்?" என்று உரக்கக் கேட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றிருந்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. "ரெண்டு வருசம்" என்றேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். சர்க்கரை கூடினால் முதலில் கெடுவது பாதத்துக்குப் போகும் மெல்லிய நரம்புகள்தானாம். "உள்ளே ஆழத்துல இருக்க வலி தெரியும். மேல்தோலுக்குச் சூடு தெரியாது. ரெண்டுக்கும் வேற வேற நரம்பு. அதனாலதான் குதிகால் வலிக்குதுன்னு செங்கல்ல நின்னீங்க, சுட்டது தெரியல." புண் சீழ்பிடித்து எலும்பு வரை போனால் குதிகாலை மீட்பது கஷ்டம், குதிகால் இல்லாத பாதத்தால் பிரயோசனம் இல்லை என்றும் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. காலை எடுக்க வேண்டிவரும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். காலில் ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் மடை திறந்ததுபோலச் சத்தம் வந்தது. ஓட்டம் பரவாயில்லை என்றார்கள். இன்சுலின் ஆரம்பித்தார்கள். கருகிய தோலையும் செத்த சதையையும் வெட்டி எடுத்து, தினமும் கட்டு மாற்றினார்கள். இடுக்கிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி கட்டுப் போடும்போதெல்லாம், "சாரமில்ல அம்மே, சரியாகும்" என்று மலையாளத்தில் தேற்றுவாள். அவள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும்.

இனி வெட்கத்தைச் சொல்கிறேன். மகளுக்கு அந்த வாரம் பி.எட் பரீட்சை. ராத்திரி அவள் வந்து படுப்பாள். பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளையை விட்டால் ஆளில்லை. அவர் மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறவர். சீசனில் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வந்தால் மாமியார் எழுந்து நிற்போம். நேராக முகம் பார்த்துப் பேசமாட்டோம். "மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்லுவோம். மாப்பிள்ளை எதிரில் காலை நீட்டி உட்கார்ந்த மாமியார் யாரையும் நான் பார்த்ததில்லை. இப்போது நான் கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறேன். கால் இருக்கும் பக்கம்தான் அவர் நாற்காலி. போர்வையை இழுத்து இழுத்து மூடுவேன், அது சரிந்துவிடும். தண்ணீர் வேண்டும் என்றால்கூடச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மூன்று முறை இருமுவேன், அவராகப் புரிந்துகொண்டு எடுத்துத் தருவார். கால் ஊன்றக் கூடாது என்பதால் பாத்ரூமுக்குச் சக்கர நாற்காலி. ஆயா வரத் தாமதமான ஒரு நாள், வேறு வழியில்லாமல் அவர் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்தார். முகத்தை மூடிக்கொண்டேன். செத்துவிடலாம் என்று தோன்றியது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் டாக்டர் நரம்பைச் சோதிக்க வந்தார். மீன் தூண்டில் நரம்பு போல ஒரு துண்டை ஒரு குச்சியில் மாட்டியிருந்தார். "கண்ணை மூடிக்குங்க. நான் கால்ல தொடுறப்ப தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க." கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. அறையில் சத்தமே இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். உணர்ச்சியில்லாத கட்டைக்கால் என்று அவர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமா" என்றேன். கொஞ்ச நேரம் விட்டு, "ஆமா." மறுபடி, "ஆமா."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மாப்பிள்ளை நாற்காலியை என் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தே, டாக்டரு தொடாம சும்மா நின்னப்பயும் ஆமான்னு சொன்னீங்க. தொட்டப்ப பேசாம இருந்தீங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது இரண்டும் எரிந்தன. அவர் என்னைவிட வயதில் பாதி. அவர் வீட்டில் என் மகள் வாழ வேண்டும்.

"எங்கம்மாவுக்கும் சக்கரைதான் அத்தே" என்றார் திடீரென்று. "எட்டு வருசமா இருக்கு. எங்க தாத்தாவுக்கு இதுலதான் காலை எடுத்தாக. நீங்க வீடு பாக்க வந்தப்ப எங்கம்மா மாத்திரையை அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வச்சுச்சு. சக்கரை இருக்க குடும்பம்னு பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயம். இப்ப மகேசு வீட்டுல இருக்கான்னு அதுக்கும் பயந்துக்கிட்டு மாத்திரையே போடுறதில்ல. நான் சொன்னா, எனக்கு ஒண்ணுமில்லடா சோலியைப் பாருங்குது."

நான் திரும்பி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனதும், அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நினைவுக்கு வந்தன. இரண்டு வீட்டிலும் இரண்டு கரண்டி சீனி போட்ட காப்பியை மாற்றி மாற்றிக் கொடுத்து, போதும் போதும் என்று சொல்லாமல் குடித்தோம். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது இன்னும் கொஞ்சம் வெட்கம்தான். இத்தனை பொய்க்கு நடுவில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இந்தப் பையன் ஒருவர்தான்.

"மாப்ளே, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன். நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இரண்டாவது முறை கண்ணை மூடியபோது உண்மையைச் சொன்னேன். பெரும்பாலும் இல்லை, இல்லை என்றுதான் சொன்னேன். விரலடியில் ஓரிடத்தில் மட்டும் ஆமா. டாக்டர் கோபப்படவில்லை. குதிகாலுக்குத் துளி பாரம்கூட விழாதபடி மாவுக்கட்டு போட்டார். உணர்ச்சி இருப்பதாக நினைத்துச் சீக்கிரம் நடக்கவிட்டிருந்தால் உள்ளே அழுகியிருக்கும் என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. பாதை சரியாகி என் வீட்டுக்காரர் இறங்கி வந்தபோது கால் தப்பிக்கும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் கட்டைப் பார்த்துவிட்டு, "சொல்லியிருக்கலாம்ல" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

கோகிலா ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள், கொய்யா. நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் பேசவில்லை, நானாகத்தான் பேசினேன். "எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க அக்கா" என்றாள். புண் முழுதும் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடி அவளிடம் போகலாம் என்றிருக்கிறேன். ஊசியின்மேல் எனக்குக் குறை இல்லை. என்னைச் சுட்டது என் வீட்டு அடுப்பு.

வீட்டுக்கு வந்து சில வாரங்களில் சம்பந்தியம்மா பார்க்க வந்தார். எங்களுக்குள் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் கட்டிலிலும் அவர் எதிரே நாற்காலியிலுமாக உட்கார்ந்திருந்தோம். மாவுக்கட்டு போய்ப் பஞ்சுக்கட்டுக்கு வந்திருந்த நேரம். "என்ன மதினி, கால்ல கொதிதண்ணி கொட்டிருச்சாமே?" என்றார். மாப்பிள்ளை அப்படிச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். மகள் காப்பி கொண்டுவந்தாள். சீனி எவ்வளவு என்று கேட்டதற்கு, "எப்பவும் போல ரெண்டு கரண்டி" என்றார்.

ஆமா, கொதிதண்ணிதான் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அழகாக முடிந்துவிடும். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் அவர் காலைப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் ஒரு பழைய காயம் கறுத்துக் கிடந்தது. எதில் இடித்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"கொதிதண்ணி இல்ல மதினி. சக்கரை. ரெண்டு வருசமா இருக்கு, ஒங்க வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு மாத்திரையை நிறுத்திட்டேன்."

சொல்லிவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். உடம்பு கூசியது. சம்பந்தி முன்னால் காலை நீட்டி, சதை தெரியும் குதிகாலைத் திருப்பிக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போகிறார் என்று நினைத்தேன். எழுந்துதான் போனார், வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட. திரும்பி வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் என் காலுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார்.

"எனக்கும் பாருங்க மதினி" என்றார்.